‘சனி, ஞாயிறு மட்டும் வந்து பண்ணிக்கொடுங்க’ என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் சிறு நிறுவனம் நடத்தும் தமிழ் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

டாலஸ், எடிசன், ஃப்ரீமாண்ட், அட்லாண்டா என்று நம்மவர்கள் நிறைந்த ஊர்களில் நீங்கள் நடத்துவது மென்பொருள் நிறுவனமாக இருக்கலாம். கிளினிக், கணக்குத் தணிக்கை அலுவலகம், பிள்ளைகளுக்கான கோடிங் வகுப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். கைக்கு உதவியாக ஓர் ஆள் வேண்டும் என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவர், வேறொரு நிறுவனத்தில் ஹெச்-1பி எனும் பட்டதாரி வேலை விசாவில் இருக்கும் தெரிந்த பையன், அல்லது தங்கை முறையாகும் ஒரு பெண். “சனி, ஞாயிறு மட்டும் வந்து பண்ணிக்கொடுங்க, 1099-ல போட்டுக்கலாம்” என்கிறீர்கள். 1099 என்பது ஊழியராகச் சேர்க்காமல், ஒப்பந்தக்காரர் என்று காட்டிப் பணம் தரும் வரிப் படிவம். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறீர்கள். ஊருக்கு அனுப்பக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவரும் தலையாட்டுகிறார். விசா என்று யாராவது இழுத்தால், “அது அவர் பாடு, அவர் பார்த்துக்குவார்” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அவரால் பார்த்துக்கொள்ள முடியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஹெச்-1பி மனுவை வேலை பார்ப்பவர் போட முடியாது, வேலை தருபவர்தான் போட முடியும். முதல் வேலைக்கு அந்த நிறுவனம் போட்டது. இரண்டாவது வேலைக்கு நீங்கள் போட வேண்டும். நீங்கள் போடாதவரை, அந்த வேலையைச் சட்டப்படி ஆக்க அவர் கையில் ஒரு வழியும் கிடையாது. லாயருக்குத் தன் பணத்தைக் கொட்டினாலும் கிடையாது.

இரண்டு நிறுவனங்களில், ஏன் மூன்றில்கூட, ஒரே நேரத்தில் ஹெச்-1பியில் வேலை பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். இதைக் கான்கரன்ட் ஹெச்-1பி என்பார்கள். முன்பே லாட்டரியில் தேர்வாகி, ஆண்டுக்கு இத்தனை ஹெச்-1பிதான் என்ற உச்சவரம்பில் எண்ணப்பட்டவரை உங்கள் மனுவுக்காக மறுபடி எண்ண மாட்டார்கள். ஆகவே லாட்டரி இல்லை, மார்ச் மாதப் பதிவு இல்லை, அக்டோபர் வரை காத்திருப்பும் இல்லை. ஆண்டின் எந்த நாளிலும் போடலாம். பகுதிநேர வேலைக்கும் போடலாம். குறைந்தது இத்தனை மணி நேரம் என்று விதி எதுவும் இல்லை.

ஆனால் எல்லா வேலைக்கும் போட முடியாது. அந்த வேலைக்குக் குறிப்பிட்ட துறையில் இளங்கலைப் பட்டமாவது இயல்பாகத் தேவைப்பட வேண்டும். கணினிப் பட்டதாரி உங்கள் கிளினிக்கின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது சரி. அதே ஆள் உங்கள் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருவது, கேட்டரிங் டெலிவரிக்கு வண்டி ஓட்டுவது, விழாவுக்குப் புகைப்படம் எடுத்துக் காசு வாங்குவது ஆகியவற்றுக்கு எந்த லாயராலும் ஹெச்-1பி வாங்கித் தர முடியாது. இந்த வேலைகளை அவரிடம் கேட்கவே கேட்காதீர்கள். ஊபர், டோர்டேஷ் ஓட்டுவதற்கும் இதே பதில்தான்.

இனி முறையாகச் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதல் படி எல்சிஏ, அதாவது சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் நீங்கள் உறுதி தரும் படிவம் 9035. தொழிலாளர் துறையின் ஃப்ளாக் இணையதளத்தில் போட வேண்டும். 7 வேலை நாளில் சான்று வரும். முதன்முறை போடும் சிறு நிறுவனங்கள் சறுக்குவது இங்கேதான். வரித் துறையான ஐஆர்எஸ் உங்கள் நிறுவனத்துக்குத் தந்த ஃபெயின் எண்ணைத் தொழிலாளர் துறை முன்பு பார்த்திருக்காது. அதைச் சரிபார்க்காமல் எல்சிஏ போட்டால், சம்பளமும் பதவியும் எவ்வளவு சரியாக இருந்தாலும் “எண் சரிபார்க்கப்படவில்லை” என்று 7 நாள் கழித்துத் திரும்பி வரும். ஐஆர்எஸ் உங்களுக்கு அந்த எண்ணைக் கொடுத்தபோது அனுப்பிய சிபி-575 கடிதத்தைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் ஐஆர்எஸ்ஸிடம் 147சி கடிதம் கேட்டு வாங்குங்கள். எல்சிஏவுக்கு முன்பே அதை அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டால் ஒரு வாரம் மிச்சம்.

எல்சிஏவில் ‘புதிய கான்கரன்ட் வேலை’ என்ற கட்டத்தில் 1 என்று போட வேண்டும். ‘புதிய வேலை’, ‘நிறுவன மாற்றம்’ என்பவை வேறு கட்டங்கள். நிறுவன மாற்றம் என்று குறித்தால், அவர் பழைய வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறார் என்று பொருளாகிவிடும். பின்னால் குடிவரவுத் துறைக்குப் போகும் ஐ-129 எனும் ஹெச்-1பி மனுவின் 2-ஆம் பகுதியிலும் இதே கேள்வி வரும். அங்கேயும் கான்கரன்ட் கட்டத்தையே குறியுங்கள். இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் ஆர்எஃப்இ எனப்படும் விளக்கக் கேள்வி வருவதற்கு வேறு காரணமே வேண்டாம். ஐ-129-இல் அடுத்துவரும் ‘என்ன நடவடிக்கை கோருகிறீர்கள்’ என்ற கேள்வியும் முக்கியம். ஆள் நாட்டுக்குள்ளேயே ஹெச்-1பி நிலையில் இருக்கிறார் என்பதால், தங்கும் காலத்தை நீட்டவோ திருத்தவோ கேட்கும் கட்டம்தான் பொருந்தும். தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் கட்டத்தைக் குறித்தால் அவர் வெளியே போய்த்தான் திரும்பி வர வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி நேராகவே பேசுவோம். உங்கள் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் கூலி, உங்களிடம் அதே வேலை பார்க்கும் மற்றவருக்கு நீங்கள் தரும் கூலி, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் தர வேண்டும். பகுதிநேரத்துக்கு மணிக்கணக்கில் போடலாம். மணிக்கு 50 டாலர், வாரம் 10 மணி நேரம் என்று மனுவில் எழுதினால், வாரம் 500 டாலர் தந்தே ஆக வேண்டும். “இந்த வாரம் ப்ராஜெக்ட் இல்லை, அடுத்த வாரம் வா” என்பது செல்லாது. உங்களிடம் வேலை இல்லை என்பது உங்கள் நஷ்டம், அவருடைய சம்பள வெட்டு ஆகக் கூடாது. வேலை ஏறி இறங்கும் என்றால் 8 முதல் 12 மணி நேரம் என்று ஒரு வரம்பாக எழுதலாம். அப்போதும் அவர் வழக்கமாகப் பார்க்கும் சராசரி மணி நேரத்துக்கு, எந்த நிலையிலும் குறைந்தபட்சமான 8 மணி நேரத்துக்குக் குறையாமல், சம்பளம் போக வேண்டும். அவராகவே விடுப்புக் கேட்ட நாட்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை.

எல்சிஏ போடும்போதே, அல்லது அதற்கு முந்தைய 30 நாளுக்குள், வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் படுகிற இரண்டு இடங்களில் எல்சிஏ பற்றிய அறிவிப்பு ஒட்டி, 10 நாள் இருக்கவிட வேண்டும். அவர் வீட்டிலிருந்தே உங்களுக்கு வேலை பார்ப்பார் என்றால், அந்த வீடுதான் எல்சிஏவில் பணியிடம். நிலவும் கூலியும் அந்த வீடு இருக்கும் பகுதிக்கு உரியது. அறிவிப்பையும் அங்கேதான் ஒட்ட வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று, மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒன்று. பார்க்க விசித்திரமாக இருக்கும்; பரவாயில்லை, ஒட்டிய நாளையும் எடுத்த நாளையும் அடியில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்சிஏ போட்ட மறு வேலை நாளுக்குள் பொதுப் பார்வைக் கோப்பு ஒன்றும் உங்கள் அலுவலகத்தில் தயாராக இருக்க வேண்டும். எல்சிஏ, தரும் சம்பளம், நிலவும் கூலிக்கான ஆதாரம், அறிவிப்பின் நகல் எல்லாம் அதில் இருக்கட்டும். அவர் வேலைக்கு வரும் முதல் நாளுக்குள் எல்சிஏ நகல் அவர் கைக்கும் போக வேண்டும்.

கட்டணத்துக்கு வருவோம். 2024 ஏப்ரல் 1 முதல் உள்ள விகிதப்படி, முழுநேரக் கணக்கில் 25 பேர் அல்லது அதற்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனத்துக்கு ஐ-129 கட்டணம் 460 டாலர், புகலிடத் திட்டக் கட்டணம் 300, மோசடித் தடுப்புக் கட்டணம் 500, பயிற்சி நிதிக் கட்டணம் 750. கூட்டினால் 2,010 டாலர். 25-ஐத் தாண்டினால் இவை முறையே 780, 600, 500, 1,500 ஆகி 3,380 டாலர் வரும். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு, விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்களிடம் குடிவரவுத் துறை காகிதச் செக் வாங்குவதில்லை. கிரெடிட் கார்டுக்கு ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க ஜி-1650 படிவம் வைக்க வேண்டும். இந்தக் கட்டணங்களும் மனுவுக்கான லாயர் கட்டணமும் உங்கள் தொழில் செலவு. “பாதி நீ போடு, பாதி நான் போடுறேன்” என்பதும், முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் விதிமீறல். பயிற்சி நிதிக் கட்டணத்தை எந்தச் சுற்றுவழியிலும் அவரிடமிருந்து திரும்பப் பெறக் கூடாது. வாரத்துக்கு 5 மணி நேர உதவிக்கு 2,010 டாலரா என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால், அந்த வேலையை உள்ளூரில் தடையில்லாமல் வேலை பார்க்கக்கூடிய ஒருவருக்குக் கொடுங்கள். அது நியாயமான முடிவு. கட்டணத்தை மிச்சம் பிடிக்க அவருடைய விசாவைப் பணயம் வைப்பதுதான் நியாயமில்லை.

வேலை எப்போது தொடங்கலாம்? பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியில்தான் நடக்கின்றன. எல்சிஏ சான்று வந்ததும் தொடங்கக் கூடாது. லாயர் கூரியரில் அனுப்பிவிட்டார் என்றும் தொடங்கக் கூடாது. குடிவரவுத் துறை மனுவைப் பெற்றுக்கொண்ட தேதி, மனுவில் நீங்கள் கேட்ட தொடக்கத் தேதி, இவற்றில் எது பிந்தியதோ அன்று முதல் தொடங்கலாம். ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது 2000-இல் வந்த ஏசி-21 சட்டம் தந்த சலுகை. மனு வந்து சேர்ந்ததாகக் குடிவரவுத் துறை அனுப்பும் ஐ-797 ரிசீட் தாள் கையில் வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்றே நாங்கள் சொல்வோம். கையெழுத்து விட்டுப்போனது, கட்டணம் தவறியது என்று மனு முழுதாகத் திரும்பி வந்தால் பெற்றுக்கொண்ட தேதி என்று ஒன்றே இருக்காது. அந்த இடைவெளியில் அவர் பார்த்த ஒவ்வொரு மணி நேரமும் அனுமதியற்ற வேலை.

முதல் நாளே அவர், வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தின் முதல் பகுதியை நிரப்ப வேண்டும், மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் இரண்டாம் பகுதியை. பாஸ்போர்ட், எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு ஆகியவற்றின் விவரத்தோடு, கூடுதல் தகவல் கட்டத்தில் ‘ஏசி-21’ என்றும் மனு அனுப்பிய தேதியையும் எழுதுங்கள். ரிசீட் நகல், முதல் நிறுவனத்தின் ஐ-94 நகல் இரண்டையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். ஒருவேளை உங்கள் மனு மறுக்கப்பட்டால் உங்களிடம் பார்க்கும் வேலையை அன்றே நிறுத்த வேண்டும். முதல் வேலை எப்போதும்போலத் தொடரும்.

இந்த ஏசி-21 சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைசியாக நாட்டுக்குள் வந்த நாளுக்குப் பிறகு அவர் அனுமதியில்லாத வேலை எதுவும் பார்த்திருக்கக் கூடாது. “முதல்ல ரெண்டு மாசம் 1099-ல ஓட்டிப் பார்ப்போம், செட் ஆனா ஃபைல் பண்ணலாம்” என்று நீங்கள் சொல்லும் அந்த இரண்டு மாதமே, பின்னால் ஃபைல் பண்ணும் வழியை அடைக்கிறது. அவர் ரிசீட்டோடு தொடங்கும் தகுதியை இழந்திருப்பார். தங்கும் காலத்தை நீட்ட மறுத்து, நாட்டை விட்டுப் போய்த் தூதரகம் வழியாக வரும்படி சொல்லவும் இடமுண்டு. அப்படி ஆனால், 2025 செப்டம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த, புதிய ஹெச்-1பி மனுக்களுக்கான ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பும் வாசலில் வந்து நிற்கும். நாட்டுக்குள் முறையான நிலையில் இருப்பவருக்கான நீட்டிப்பு, திருத்த மனுக்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று அதே ஆண்டு அக்டோபர் 20-இல் குடிவரவுத் துறை விளக்கியது. அந்த நீட்டிப்புக்கே தகுதியில்லை என்று முடிவானால் விலக்கும் போய்விடும்.

1099 பற்றி இன்னும் கொஞ்சம். ஒப்பந்தக்காரர் என்று போட்டால் ஐ-9 வேண்டாம், ஆகவே நமக்குப் பொறுப்பில்லை என்ற எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது. ஒருவருக்கு அனுமதியில்லை என்று தெரிந்தே ஒப்பந்தத்தின் பெயரில் அவரிடம் வேலை வாங்குவதையும் அதே குடிவரவுச் சட்டம் தடுக்கிறது. அவர் ஹெச்-1பியில் வேறு நிறுவனத்தில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்துதானே கூப்பிட்டீர்கள். அவர் வரி ரிட்டர்னில் 1099 வருமானம் சுயதொழில் வருமானத்துக்கான ‘ஷெட்யூல் சி’ தாளில் ஏறும். நாளைக்குக் கிரீன் கார்டு மனுவிலோ விசா நேர்முகத்திலோ அந்த ரிட்டர்ன் கேட்கப்பட்டால், அவருக்கு எதிரான சாட்சி அவர் கையெழுத்திட்ட தாளே.

அதைத் தவிர்க்க வேறு வழிகளும் காதில் விழுகின்றன. ஊரில் அவர் அம்மாவின் கணக்குக்கு ரூபாயில் போடுவது. வேலை அனுமதி உள்ள மனைவியின் பெயரில் செக் எழுதுவது. அவர் பெயரில் ஓர் எல்எல்சி தொடங்கி அதற்கு இன்வாய்ஸ் போடச் சொல்வது. மாதக் கடைசியில் 500 டாலருக்குப் பரிசு அட்டை. இவை எதுவும் வேலையின் தன்மையை மாற்றாது. அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து அவர் உழைத்தாரா என்பதுதான் கேள்வி. பணம் எந்த நாட்டில், எந்த நாணயத்தில், யார் பெயரில் போனது என்பது அல்ல. சென்னையில் உள்ள உங்கள் கிளை அலுவலகம் சம்பளம் தந்தாலும் இதே கதைதான். மனைவி பெயரில் போவது இன்னும் மோசம். வேலை மீறலோடு பொய்க் கணக்கும் சேர்ந்து, மனைவியையும் இழுத்துவிடும்.

லாப நோக்கமில்லாத வாரயிறுதித் தமிழ்ப் பள்ளியில், எல்லோரும் தொண்டாகவே செய்யும் பணியைச் சம்பளமில்லாமல் ஹெச்-1பிக்காரர் செய்வது வேறு. அது தொண்டு. லாபத்துக்கு நடக்கும் உங்கள் நிறுவனத்தில் “சும்மா கத்துக்கட்டும்” என்று சம்பளமில்லாமல் வேலை வாங்குவது தொண்டு ஆகாது. பங்குச் சந்தை லாபம், டெபாசிட் வட்டி, ஊரில் வீட்டு வாடகை ஆகியவை வேலை அல்ல என்பதால் அவற்றில் சிக்கல் இல்லை.

இரண்டு மனுக்களும் ஒப்புதல் ஆன பிறகு கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவை இரண்டு தனி உயிர்கள். ஒன்றில் நடக்கும் மாற்றம் மற்றதைத் தானாகச் சரிசெய்யாது.

அதிகம் பார்க்கும் தவறு இது. உங்கள் வேலைக்கு நேரம் ஒதுக்க, முதல் நிறுவனத்தில் பேசி 40 மணியை 25 ஆக்கிக்கொள்கிறார். மேலாளர் மின்னஞ்சலில் சரி என்கிறார். குடிவரவுத் துறையிடம் இருக்கும் தாள் இன்னமும் முழுநேரம் என்றே சொல்கிறது. முழுநேரம் பகுதிநேரம் ஆவதற்கு முன் முதல் நிறுவனம் புதிய எல்சிஏவோடு திருத்த மனுப் போட வேண்டும். போடாமல் குறைத்தால், இரண்டாம் வேலையை ஒழுங்காகச் செய்த நீங்களே முதல் வேலை கெட்டுப்போகக் காரணமாகிவிடுவீர்கள். அவர் கையெழுத்திடும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அங்கே மணி நேரம் குறைகிறதா? குறையவில்லை என்றால் 40-உம் உங்கள் 10-உம் சேர்ந்து ஒரு மனிதரால் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் காலை 9 முதல் மாலை 5 வரை என்று எழுதினால் யார் நம்புவார்கள்? பணியிட ஆய்வுக்கு வரும் அதிகாரி, எத்தனை மணிக்கு வருகிறீர்கள், யாருக்குக் கீழே, என்ன சம்பளம் என்றுதான் கேட்பார். பதில் மனுவோடு பொருந்த வேண்டும்.

அவர் வீடு மாறினாலும் இதே கவனம். வேறு பெருநகரப் பகுதிக்கு மாறி அங்கிருந்து இரண்டு வேலையையும் பார்ப்பார் என்றால், இரண்டு நிறுவனமும் தனித்தனியே திருத்த மனுப் போட வேண்டும். குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் 2015-இல் தந்த சிமியோ தீர்ப்பு இதை உறுதியாக்கியது. முதல் நிறுவனம் போட்டது போதும் என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது.

ஐ-94 தேதி. ஒப்புதலாக வரும் ஐ-797ஏ தாளின் அடியில் கிழித்து வைத்துக்கொள்ளும் துண்டாக ஐ-94 இருக்கும். முதல் நிறுவனத்துடையது 2027 செப்டம்பர் வரை, உங்களுடையது 2027 மார்ச் வரை என்று வெவ்வேறாக வரலாம். எது கடைசியாக வழங்கப்பட்டதோ அதுவே தங்கும் காலத்தைத் தீர்மானிக்கும் என்பது பொது விதி. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி ஒரு தாளை மட்டும் பார்த்துக் குறைந்த தேதியைப் போட்டுவிட்டால், அந்தக் குறைந்த தேதியே இனி அவருடைய கணக்கு. ஆகவே பயணத்தில் இரண்டு ஒப்புதல் தாளும் கையில் இருக்கட்டும். திரும்பிய அன்றே எல்லைத் துறையின் தளத்தில் ஐ-94-ஐ இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கோப்பிலும் ஒரு நகல் வையுங்கள். பாஸ்போர்ட்டில் முதல் நிறுவனத்தின் பெயர் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகாதவரை, உங்களுக்காகப் புதிதாக ஸ்டாம்பிங் போகத் தேவையில்லை.

6 ஆண்டு உச்சவரம்பு ஆளுக்கு உரியது, நிறுவனத்துக்கு உரியது அல்ல. நீங்கள் புதிதாக மனுப் போட்டதால் புதிய 6 ஆண்டு தொடங்காது.

பல்கலைக்கழகம், அதைச் சார்ந்த லாப நோக்கமற்ற மருத்துவமனை, ஆராய்ச்சி நிறுவனம் போன்ற உச்சவரம்பு விலக்குள்ள இடத்தில் இருப்பவரை எடுக்கிறீர்களா? இது தனிக் கணக்கு. பெரும்பாலும் அவர் லாட்டரியைத் தொட்டிருக்கவே மாட்டார்; அப்படியானால், அங்கே வேலை தொடரும்வரை மட்டுமே உங்கள் மனு லாட்டரி இல்லாமல் நிற்கும். அங்கே வேலை தொடரும் என்பதையும், இரண்டையும் அவரால் சேர்த்துச் செய்ய முடியும் என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் மனுவின் காலம் அந்த மனுவின் காலத்தைத் தாண்டாது. அந்த ஆய்வு மானியம் முடிந்து வேலை போனால், உங்கள் மனுவின் கீழே இருந்த தரையும் போயிற்று. குடிவரவுத் துறை அதை ரத்து செய்யலாம். உச்சவரம்பில் எண்ணப்பட்டவர் என்றால் நிலைமை வேறு. முதல் வேலை போனாலும், ஒப்புதலான உங்கள் மனுப்படி உங்களிடம் வேலை பார்க்கும்வரை அவர் ஹெச்-1பி நிலையிலேயே இருக்கிறார். உங்களிடம் முழுநேரம் ஆக்க விரும்பினால் மட்டும், ஆக்கும் முன் திருத்த மனு. இன்னும் ரிசீட் மட்டுமே கையில் இருக்கும் நிலையில் முதல் வேலை போனால், அன்றே லாயரை அழையுங்கள். மனு மறுக்கப்பட்டால் பிடித்துக்கொள்ள அடியில் எதுவும் இருக்காது.

மருத்துவர்களை எடுப்பவர்களுக்கு: ரெசிடன்சி எனும் மருத்துவமனைப் பயிற்சியில் ஹெச்-1பியில் இருக்கும் மருத்துவர் வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பதும் இரண்டாவது வேலைதான். உரிமமும் காப்பீடும் இருக்கிறது என்பது போதாது. அந்த மருத்துவமனையின் மனுவும் வேண்டும்.

ஐ-485 எனும் கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டு, இஏடி எனும் வேலை அனுமதி அட்டை கையில் இருப்பவர், “எனக்கு மனு வேண்டாம், அட்டையிலேயே சேர்கிறேன்” என்பார். சேரலாம், சட்டப்படி வேலை பார்க்கலாம். ஆனால் அட்டையைப் பயன்படுத்தி இரண்டாம் வேலையில் சேர்ந்ததும், ஹெச்-1பி நிலையில் தொடர்வதாக அவர் சொல்லிக்கொள்ள முடியாது. நிலுவையில் இருக்கும் ஐ-485 மட்டுமே தாங்கும். இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை நீண்டு கிடக்கும்போது இதை அவசரத்தில் முடிவு செய்யக் கூடாது. அவருடைய லாயரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஹெச்-1பிக்காரரின் துணைவருக்கான ஹெச்-4 விசாவில் இஏடி உள்ளவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அட்டை செல்லும்வரை எத்தனை இடத்திலும் வேலை பார்க்கலாம்.

அனுமதியில்லாமல் வேலை பார்த்துவிட்டவருக்குக் கிரீன் கார்டு கட்டத்தில் ஒரு சிறு மன்னிப்பு உண்டு. கடைசியாக நாட்டுக்குள் வந்த நாள் முதல் மொத்தம் 180 நாள் வரையிலான மீறலை, வேலைவழி மனுக்களில் குடிவரவுச் சட்டத்தின் 245(கே) பிரிவு பொறுத்துக்கொள்ளும். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைதானே, ஆண்டுக்கு 24 நாள்தானே என்று கணக்குப் போடாதீர்கள். வேலை உறவு தொடங்கிய நாளிலிருந்து முடிந்த நாள் வரை, வேலை பார்க்காத நாட்களும் சேர்த்துத்தான் எண்ணப்படும். ஆறு மாதச் சனிக்கிழமை வகுப்பு அந்த 180-ஐத் தின்றுவிடும்.

வரியில் இரண்டு விஷயம் அவரிடம் சொல்லுங்கள். இரண்டு நிறுவனமும் தன்னுடையதே ஒரே சம்பளம் என்று நினைத்துப் பிடித்தம் செய்யும். ஆண்டுக் கடைசியில் வரி துண்டு விழும். வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவத்தின் 2-ஆம் படியை நிரப்பினால் சரியாகும். ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-க்கான வரம்பும் ஆளுக்குத்தான். 2025-இல் இரண்டு இடமும் சேர்த்து 23,500 டாலர். சோஷியல் செக்யூரிட்டி வரி நேர்மாறு. 2025-இல் 176,100 டாலர் சம்பள வரம்பை இரண்டு நிறுவனமும் தனித்தனியே எண்ணி அதிகம் பிடித்திருந்தால், அவருடைய பங்கில் கூடுதலாகப் போனதை ரிட்டர்னில் திரும்பப் பெறலாம்.

முதல் நிறுவனத்தின் சம்மதம் வேண்டுமா? குடிவரவுச் சட்டம் கேட்பதில்லை. அவருடைய வேலை ஒப்பந்தம் கேட்கலாம். வெளிவேலை, போட்டி நிறுவனம், கண்டுபிடிப்பு உரிமை பற்றிய பக்கங்களை அவர் படித்துவிட்டு வரட்டும். அவருடைய கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை நீங்களும் வாங்கிப் பாருங்கள். மனுவோடு அவை போக வேண்டும். முதல் நிறுவனம் அவரைச் சம்பளமில்லாமல் பெஞ்சில் வைத்திருந்தால் அது உங்கள் மனுவில்தான் வெளியே வரும்.

நிறுத்துவதையும் முறையாகச் செய்யுங்கள். வாட்ஸ்ஆப்பில் “அடுத்த மாசத்துலேர்ந்து வேண்டாம்பா” என்பது போதாது. எழுத்தில் அவருக்கு அறிவிப்பு, குடிவரவுத் துறைக்கு மனுவைத் திரும்பப் பெறும் கடிதம், இரண்டும் போகாதவரை சம்பளப் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கும். பிறகு அவர் புகார் கொடுத்தால், வேலை தராத மாதங்களுக்கும் பாக்கிச் சம்பளம் கட்டச் சொல்வார்கள்.

செப்டம்பர் தொடக்கத்தில் அவர் உங்களிடம் வேலை தொடங்க வேண்டுமா? ஜூலைக் கடைசியில் ஃபெயின் எண்ணைச் சரிபார்க்கக் கொடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அறிவிப்பை ஒட்டி எல்சிஏ போடுங்கள். அது வருவதற்குள் அவர் பட்டச் சான்று, அதன் மதிப்பீடு, சம்பளச் சீட்டுகள், இரண்டு பக்க ஐ-797 நகல் எல்லாம் சேர்த்து வைக்கட்டும். சான்று வந்த அன்று நீங்கள் கையெழுத்திட்டால், ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மனு போய்ச் சேரும். ரிசீட் தாளின் நகலை அவருக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு அழையுங்கள்.

இப்படிக்கு,
ஹெச்-1பி மனுக்களையும் சம்பளக் கணக்குகளையும் கையாளும் சிலர்